ஒன்ராறியோ காட்டில் மான் வேட்டை: 3-9×40 ஸ்கோப் போதுமா, 6-24×50 வேண்டுமா?

தெற்குக்கரை (ரொறன்ரோ)

வணக்கம் உறவுகளே. வருகிற நவம்பரில் பரி சவுண்ட் பக்கத்தில் நண்பர் ஒருவரின் காணியில் வெள்ளைவால் மான் வேட்டைக்குப் போக இருக்கிறேன். வேட்டைப் பயிற்சி வகுப்பையும் துவக்கு உரிமத்தையும் முடித்து, .308 ரவை போடும் போல்ட் அக்‌ஷன் துவக்கு ஒன்றையும் வாங்கிவிட்டேன். துவக்கின்மேல் பூட்டிக் குறிபார்க்கும் தொலைநோக்கியான ஸ்கோப் மட்டும்தான் இன்னும் எடுக்கவில்லை.

கடைக்காரர் 6-24×50 ஸ்கோப் ஒன்றை, அதாவது 6 முதல் 24 மடங்கு வரை பெருக்கிக் காட்டும், முன்வில்லை 50 மில்லிமீற்றர் விட்டமுள்ள ஒன்றை, எடுக்கச் சொல்கிறார். உருப்பெருக்கம் வேண்டாதபோது குறைத்துக்கொள்ளலாம், ஆனால் இல்லாததைப் பிறகு கூட்ட முடியாது என்பது அவருடைய வாதம். கேட்கும்போது நியாயமாகத்தான் இருக்கிறது. ஏறக்குறைய அதே விலைக்கு வேறொரு நிறுவனத்தின் 3-9×40 ஸ்கோப்பும் அங்கே இருக்கிறது. என் கையிருப்பு 500 முதல் 600 டொலர் வரை.

இடத்தைப் பற்றிச் சொல்ல வேண்டுமானால், மேப்பிளும் ஹெம்லொக்கும் நெருங்கி வளர்ந்த காடு. மரமேடையில் இருந்து பார்த்தால் பெரும்பாலும் அறுபது, எழுபது மீற்றருக்கு அப்பால் எதுவும் தெரியாது. காணியின் ஒரு பக்கத்தில் மட்டும் மின்கம்பிப் பாதைக்காக மரங்களை வெட்டியிருப்பதால் 200 மீற்றர் வரை திறந்த வெளி உண்டு. எனக்கு வயது ஐம்பதைத் தாண்டிவிட்டது. அனுபவம் உள்ளவர்கள் காரணத்தோடு சொன்னால் உதவியாக இருக்கும்.

கரடிப்பாதை (சட்பரி)

வணக்கம் அண்ணா. கடைக்காரரின் வாதத்தில் ஓர் ஓட்டை இருக்கிறது. 6-24 ஸ்கோப்பை 6 மடங்குக்குக் கீழே குறைக்க முடியாது. நீங்கள் போகிற காட்டில் உங்களுக்கு வேண்டியதெல்லாம் அந்த 6-க்குக் கீழேதான் இருக்கிறது.

6 மடங்கில் ஒரு ஸ்கோப் காட்டும் காட்சிப் பரப்பு, 100 மீற்றர் தொலைவில் ஏறக்குறைய 6 மீற்றர் அகலம். அப்படியானால் 30 மீற்றரில் அது 1.8 மீற்றராகச் சுருங்கிவிடும். வளர்ந்த வெள்ளைவால் மானின் உடலும் மூக்கிலிருந்து வால்வரை ஏறக்குறைய அவ்வளவு நீளம்தான். மேடைக்குக் கீழே மான் வந்து நிற்கும்போது துவக்கை உயர்த்திப் பார்த்தால் வட்டம் முழுவதும் சாம்பல்நிற ரோமம்தான் தெரியும். அது தோள்பட்டையா, தொடையா, பக்கத்தில் நிற்கிற மரப்பட்டையா என்று கண்டுபிடிப்பதற்குள் மான் நகர்ந்துவிடும். 3 மடங்கில் அதே 30 மீற்றரில் மூன்று மீற்றருக்கும் சற்று அதிகமான அகலம் தெரியும். மானும் தெரியும், அது எந்தப் பக்கம் அடியெடுத்து வைக்கப்போகிறது என்பதும், அதன் பின்னால் என்ன இருக்கிறது என்பதும் தெரியும். பின்னால் இருப்பது தெரியாமல் விசையை அழுத்தக் கூடாது என்பதை வகுப்பிலேயே சொல்லித் தந்திருப்பார்கள்.

இனி அந்த மின்கம்பிப் பாதை. தொலைவை உருப்பெருக்கத்தால் வகுத்துப் பாருங்கள். 200 மீற்றரில் நிற்கும் மான் 9 மடங்கில், வெறுங்கண்ணுக்கு 22 மீற்றரில் நிற்பது போலத் தெரியும். இதயமும் நுரையீரலும் அடங்கிய பகுதி ஏறக்குறைய 20 சென்ரிமீற்றர் விட்டம் உடையது. 22 மீற்றரில் ஒரு சாப்பாட்டுத் தட்டுப் போன்ற அந்த இலக்கைப் பார்க்க 24 மடங்கு தேவையில்லை. .308 துவக்கை 100 மீற்றருக்குச் சரிசெய்து வைத்தால் 200 மீற்றரில் சன்னம் பத்துப் பன்னிரண்டு சென்ரிமீற்றர் கீழே இறங்கும். அதை அறிந்து சற்று மேலே பிடித்தால் போதும், ஸ்கோப்பில் குறியைத் திருத்தும் திருகு எதையும் தொட வேண்டியதில்லை.

உயர்ந்த உருப்பெருக்கம் இலக்கைப் பெருக்குவது போலவே கை நடுக்கத்தையும் மூச்சையும் பெருக்கிக் காட்டும். சாய்மானம் இல்லாமல் 24 மடங்கில் பார்த்தால் குறுக்குக்கோடு நாடித்துடிப்புக்கு ஏற்பத் துள்ளும். உண்மையில் உங்கள் கை முன்பைவிட அதிகமாக ஆடவில்லை. ஆனாலும் அதைப் பார்த்துப் பதறி விசையை வெடுக்கென்று இழுப்பவர்கள் நிறையப் பேர். அதோடு உருப்பெருக்கம் கூடக்கூட, முழுக் காட்சியும் தெரிவதற்குக் கண் இருக்க வேண்டிய இடம் இறுகிக்கொண்டே போகும். தடித்த குளிர்சட்டையோடு மரமேடையில் உடம்பைத் திருப்பிக் குறிவைக்கும்போது கன்னம் எப்போதும் ஒரே இடத்தில் படாது.

எடையையும் மறக்க வேண்டாம். சாதாரண 3-9×40 ஒன்று 350 முதல் 400 கிராம் இருக்கும். 6-24×50 வகையில் 700 கிராமைத் தொடுபவை சாதாரணம். மேடைக்கு நடந்து போகிறவருக்கு அது ஒரு பொருட்டில்லை என்று சொல்வார்கள். ஆனால் துவக்கின் மேற்பகுதியில் அவ்வளவு எடை உட்கார்ந்தால் துவக்கைக் கையில் எடுத்த உடனேயே அது பக்கவாட்டில் சரிவதை உணர்வீர்கள்.

என் தேர்வு 2-7×33 அல்லது 3-9×40. இரண்டில் எதை எடுத்தாலும் தனியாக ஒரு பைனாகுலர் வாங்குங்கள். தூரத்தில் அசைவது என்ன என்று பார்க்க ஸ்கோப்பைத் தூக்குகிறவர், அங்கே செம்மஞ்சள் அங்கியோடு மனிதர் ஒருவர் நடந்து வந்தால் அவர்மீது துவக்கை நீட்டியிருப்பார். பைனாகுலருக்குப் பணம் மிச்சம் வைக்காத வேட்டைக்காரரோடு காட்டுக்குப் போக எனக்கு விருப்பமில்லை.

பனிமலை (கிறைஸ்ட்சர்ச்)

மேலே சொன்னது அந்தக் காட்டுக்குச் சரி. எல்லா இடத்துக்கும் அது பொருந்தாது என்பதற்காக இதை எழுதுகிறேன். நியூஸிலாந்தின் தென்தீவில் நாங்கள் தேடிப் போவது இமயமலைத் தார் என்னும் காட்டாடு, நம் நீலகிரி வரையாட்டின் உறவினம். 1904-இல் இங்கே கொண்டுவந்து விடப்பட்டது. இங்கே அதை வேட்டையாடும் விலங்குகள் இல்லாததால் பெருகி மலைச் செடிகளை அழிக்கிறது, எனவே அரசே அதன் எண்ணிக்கையைக் குறைக்கிறது. பள்ளத்தாக்கின் இந்தப் பக்கச் சரிவிலிருந்து அந்தப் பக்கப் பாறைமீது நிற்பதைச் சுட வேண்டியிருப்பதால் 200 முதல் 400 மீற்றர் என்பது இங்கே வழக்கமான தொலைவு. குப்புறப் படுத்து, முதுகுப்பையின்மேல் துவக்கைச் சாய்த்து, நேரம் எடுத்துக்கொண்டு சுடுகிறோம். எனவே 3-15×44, 4-16×44 போன்றவை இங்கே பயன்படுகின்றன.

ஆனால் இங்கேயும் 24 மடங்கைத் தேடுகிறவர்கள் குறைவு. வெயில் ஏறியபின் பாறையிலிருந்து எழும் வெப்பக்காற்று, பெரிய உருப்பெருக்கத்தில் கானலாக நெளிந்து இலக்கின் விளிம்பையே கரைத்துவிடும். அந்த நேரத்தில் 16-இலிருந்து 10-க்குக் குறைத்தால்தான் தெளிவு வருகிறது. நீண்ட தொலைவில் காகித இலக்கைச் சுடுகிறவர்கள் 24-க்கு மேலும் வைத்திருப்பார்கள். அவர்களுக்கு இலக்கு நகராது, துப்பாக்கியும் தாங்கியில் இருக்கும்.

இன்னொன்று: 6-24 வகைகளில் பலவற்றில் குறுக்குக்கோடு முன் குவியத்தளத்தில் வைக்கப்பட்டிருக்கும், அதாவது உருப்பெருக்கம் கூடும்போது கோடும் பருக்கும், குறையும்போது மெலியும். எங்கள் மலையில் அது வசதிதான், ஏனென்றால் கோட்டில் உள்ள அளவுக்குறிகள் எந்த உருப்பெருக்கத்திலும் சரியாக இருக்கும். உங்கள் காட்டிலோ 6 மடங்கில் அந்தக் கோடு தலைமுடி அளவுக்கு மெலிந்து, அந்திநேரத்து மரக்கிளைகளுக்கிடையே காணாமலே போய்விடும். வேட்டைக்கான 3-9 ஸ்கோப்புகளில் கோடு பெரும்பாலும் பின் தளத்தில், எப்போதும் ஒரே தடிப்பில் இருக்கும்.

தெற்குக்கரை (ரொறன்ரோ)

இருவருக்கும் நன்றி. 24 மடங்கு வேண்டாம் என்பது விளங்குகிறது. ஆனால் முன்வில்லையின் அளவு பற்றி இன்னும் குழப்பம். ஒன்ராறியோவில் சூரியன் உதிப்பதற்கு அரை மணி நேரம் முன்பிருந்து மறைந்து அரை மணி நேரம் வரை சுட அனுமதி உண்டு. மான் நடமாடுவதும் அந்த மங்கல் வெளிச்சத்தில்தான். 50 மில்லிமீற்றர் வில்லை 40-ஐவிட வெளிச்சத்தை அள்ளித் தரும் என்கிறார்களே, அப்படியானால் 3-9×50 எடுப்பதுதானே புத்தி? 30 மில்லிமீற்றர் குழாய் உள்ளது இன்னும் வெளிச்சமாக இருக்கும் என்றும் கேள்விப்பட்டேன்.

குவியத்தூரம் (கோயம்புத்தூர்)

நான் வேட்டைக்காரன் அல்ல. 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்துக்குப் பிறகு இங்கே அந்தப் பேச்சுக்கே இடமில்லை; ஏர் ரைபிளில் காகித இலக்கைச் சுடுவதோடு சரி. ஆனால் நீங்கள் கேட்டிருப்பது ஒளியியல் கேள்வி என்பதால் பதில் சொல்கிறேன்.

கடையில் ஸ்கோப்பைக் கையில் எடுத்து, கைநீளத்துக்கு முன்னால் பிடித்து, வெளிச்சமான சுவர்ப் பக்கம் நீட்டுங்கள். கண்ணருகு லென்ஸின் நடுவே சிறிய ஒளிவட்டம் ஒன்று மிதப்பது தெரியும். உருப்பெருக்க வளையத்தை மெல்லத் திருப்பினால், எண் கூடக்கூட அந்த வட்டம் சுருங்குவதைக் கண்ணாலேயே பார்க்கலாம். உங்கள் கண்ணுக்குள் போகிற வெளிச்சம் முழுவதும் அந்த வட்டத்தின் வழியாகத்தான் போகிறது. அதன் விட்டத்தைக் கண்டுபிடிக்க, முன் லென்ஸின் விட்டத்தை உருப்பெருக்கத்தால் வகுத்தால் போதும். 3-9×40 ஸ்கோப்பை 9-இல் வைத்தால் 4.4 மில்லிமீட்டர், 6-இல் வைத்தால் 6.7. கடைக்காரர் காட்டிய 6-24×50, 24-இல் வெறும் 2.1 மில்லிமீட்டர், அந்தியில் அது இருட்டறைதான்.

இனி மறுபக்கத்தைப் பாருங்கள். இருட்டில் இளைஞர் ஒருவரின் கண்மணி ஏறக்குறைய 7 மில்லிமீட்டர் வரை விரியும். ஐம்பதைத் தாண்டியவர்களில் பலருக்கு அது 5 மில்லிமீட்டர் அளவில் நின்றுவிடும். கண்மணியைவிடப் பெரிய ஒளிவட்டம் வந்தால் மிஞ்சியது கருவிழியின் மீது விழுந்து வீணாகும். ஆக, உங்கள் கண்ணுக்கு 5 மில்லிமீட்டர் வட்டம் போதுமென்றால் 40 லென்ஸ் 8 மடங்கிலேயே அதைக் கொடுத்துவிடுகிறது. 50 லென்ஸ் அதே வெளிச்சத்தை 10 மடங்கில் கொடுக்கும். உங்கள் ஸ்கோப்போ 9 மடங்கோடு நிற்கிறது; அந்தியில் காட்டுக்குள் 4, 5 மடங்கில் பார்க்கப்போகிற உங்களுக்கு 40-க்கும் 50-க்கும் எந்த வேறுபாடும் தெரியாது. முன் லென்ஸின் பரப்பு 56 சதவீதம் அதிகம் என்று விளம்பரத்தில் போடுவார்கள், அது உண்மைதான். அந்த அதிகப்படி வெளிச்சம் கண்ணுக்குள் நுழைகிறதா என்பதைத்தான் அவர்கள் சொல்வதில்லை.

ஜெர்மனியில் நிலவொளியில் காட்டுப்பன்றி சுடுகிறவர்கள் 8×56 ஸ்கோப்பை விரும்புவதற்கும் இதே கணக்குதான் காரணம்: 56-ஐ 8-ஆல் வகுத்தால் மிகச்சரியாக 7. இரவு வேட்டை இல்லாத உங்கள் மாகாணத்தில் மான் வேட்டைக்கு அந்தப் பெரிய குவளை எதற்கு?

அந்திக்காரணி என்று ஓர் எண்ணையும் சில அட்டைகளில் அச்சிடுகிறார்கள். உருப்பெருக்கத்தையும் லென்ஸ் விட்டத்தையும் பெருக்கி வர்க்கமூலம் எடுப்பது அது. அந்தக் கணக்கில் 24×50-க்கு 34.6, 8×56-க்கு 21.2 வரும். அதை நம்பினால் 24×50 இருட்டுக்குச் சிறந்தது என்று முடிவுகட்ட வேண்டியிருக்கும்! கண்மணியை மறந்துவிட்ட சூத்திரம் அது.

குழாயின் பருமனுக்கும் வெளிச்சத்துக்கும் சம்பந்தமில்லை. 25.4 மில்லிமீட்டரிலிருந்து 30-க்குப் போனால் உள்ளே இருக்கும் லென்ஸ் தொகுதி மேலும் கீழும் நகர அதிக இடம் கிடைக்கும், குழாய் உறுதியாகவும் இருக்கும். மிக நீண்ட தொலைவுக்குத் திருகைச் சுற்றிச் சுற்றி ஏற்ற வேண்டியவர்களுக்கு அது தேவை.

வெளிச்சத்துக்காகப் பணம் செலவழிக்க வேண்டுமென்றால் லென்ஸ் பூச்சுக்குச் செலவழியுங்கள். பூச்சில்லாத கண்ணாடிப் பரப்பு ஒவ்வொன்றும் தன்மீது விழும் ஒளியில் ஏறக்குறைய 4 சதவீதத்தைத் திருப்பி அனுப்பிவிடும். ஸ்கோப்புக்குள் அப்படிப் பத்துக்கும் மேற்பட்ட பரப்புகள் இருப்பதால் இழப்பு ஒன்றன்மேல் ஒன்றாகச் சேரும். எல்லாப் பரப்புகளிலும் பல அடுக்குப் பூச்சு உள்ள 40 லென்ஸ், மலிவான பூச்சுள்ள 50 லென்ஸை அந்தியில் தோற்கடிக்கும். கடைக்குள் குழல்விளக்கு வெளிச்சத்தில் எல்லா ஸ்கோப்பும் நன்றாகத்தான் தெரியும். முடிந்தால் பொழுது சாயும் வேளையில் வாசலுக்கு எடுத்துப்போய் நிழலான இடத்தைப் பார்த்து ஒப்பிடுங்கள்.

வைகைக்கரை (மதுரை)

குவியத்தூரம் ஐயா, ஒரு சிறு கேள்வி. என்னிடம் ஸ்பிரிங் வகை ஏர் ரைபிள் இருக்கிறது. மொட்டைமாடியில் சுற்றுச்சுவர் கட்டி, 15 மீட்டரில் காகித இலக்கைச் சுடுகிறேன். இந்தத் திரியில் சொல்லப்படும் 3-9×40 ஸ்கோப்பையே இதற்கும் வாங்கலாமா? இலக்கு மங்கலாகத் தெரிகிறது என்று நண்பர்கள் சொல்கிறார்கள்.

குவியத்தூரம் (கோயம்புத்தூர்)

அதே எண் போட்டிருந்தாலும் அதே ஸ்கோப் அல்ல, நண்பரே. பெரிய ரைபிளுக்கான ஸ்கோப்பில் இடமாறு தோற்றப்பிழையைப் பெரும்பாலும் 100 கெஜத்துக்குச் சரிசெய்து அனுப்புகிறார்கள். 15 மீட்டரில் படம் மங்குவதோடு, கண் சற்று விலகினாலே குறுக்குக்கோடு இலக்கின்மீது நகரும். 10 கெஜம் வரை சரிசெய்யும் வளையம் உள்ள ஏர் ரைபிள் ஸ்கோப்பைக் கேட்டு வாங்குங்கள்.

அதைவிட முக்கியம், ஸ்பிரிங் ரைபிளின் உதை இரண்டு திசையில் வரும் என்பது. ஸ்பிரிங் விடுபட்டு பிஸ்டன் முன்னோக்கிப் பாயும்போது ரைபிள் பின்னால் உதைக்கும். பிஸ்டன் உருளையின் முனையில் போய் நின்றதும் ரைபிள் முன்னால் துள்ளும். பின்னோக்கிய உதையை மட்டும் தாங்கும்படி கட்டிய ஸ்கோப்பில் உள்ளிருக்கும் லென்ஸோ குறுக்குக்கோடோ கழன்றுவிடும். ஸ்கோப்பைப் பிடித்திருக்கும் மவுண்ட்டும் மெல்லப் பின்னால் நகரும் என்பதால் தடுப்பு ஊசி உள்ளதாகப் பார்த்து எடுங்கள். போட்டியில் கலந்துகொள்ளும் எண்ணம் இருந்தால் ஸ்கோப்பே வேண்டாம். 10 மீட்டர் ஏர் ரைபிள் போட்டியில் தொலைநோக்கிக் குறிகளுக்கு அனுமதி இல்லை. 2008-இல் பெய்ஜிங்கில் அபினவ் பிந்த்ரா தங்கம் வென்றதும், கடலூரில் பிறந்த இளவேனில் வாலறிவன் சுடுவதும் துளைக்குறி வழியாகத்தான். அங்கே பத்துப் புள்ளிக்கான இலக்கு வெறும் அரை மில்லிமீட்டர் விட்டம்.

தெற்குக்கரை (ரொறன்ரோ)

முன்வில்லைக் கணக்கு தெளிவாகிவிட்டது, ஐயா. நல்ல பூச்சுள்ள 3-9×40 ஒன்றை எடுத்து, மிச்சக் காசில் 8×42 பைனாகுலரும் வாங்குகிறேன். ஸ்கோப்பை நானே பூட்டலாமா, கடையில் கொடுக்க வேண்டுமா? கரடிப்பாதை தம்பி, எதைக் கவனிக்க வேண்டும் என்று சொன்னால் நல்லது.

கரடிப்பாதை (சட்பரி)

தாராளமாக நீங்களே பூட்டலாம், அண்ணா. ஸ்கோப்பைத் துவக்கோடு பிணைக்கும் வளையம் எவ்வளவு தாழ்வாக இருக்க முடியுமோ அவ்வளவு நல்லது. முன்வில்லைக் கூடு குழலைத் தொடாமல் ஒரு சிறு இடைவெளி இருந்தால் போதும், போல்ட் பிடி கண்ணருகுப் பகுதியில் இடிக்கவும் கூடாது. 50 வில்லையைத் தவிர்த்ததன் இன்னொரு பயன் இங்கே தெரியும். அதற்கு உயரமான வளையம் வேண்டும், கன்னம் துவக்கின் கட்டையை விட்டு எழும்பும், கழுத்தை நீட்டிப் பார்க்க வேண்டிவரும்.

வளையங்களைத் தளர்வாக வைத்து, காட்டுக்குப் போடப்போகிற அதே குளிர்சட்டையைப் போட்டுக்கொள்ளுங்கள். துவக்கு வெறுமையாக இருப்பதை இரண்டு முறை பார்த்துவிட்டு, கண்ணை மூடியபடி தோளில் ஏற்றி, கன்னத்தைக் கட்டையில் வைத்த பிறகு கண்ணைத் திறவுங்கள். விளிம்பில் கறுப்பு நிழல் தெரிந்தால் ஸ்கோப்பை முன்னும் பின்னும் நகர்த்துங்கள். இதை 9 மடங்கில் வைத்துச் செய்ய வேண்டும், ஏனென்றால் அங்கேதான் கண்ணின் இடம் மிகவும் இறுக்கம். கண்ணுக்கும் ஸ்கோப்புக்கும் ஒன்பது சென்ரிமீற்றராவது இடைவெளி இல்லாவிட்டால் .308-இன் உதையில் புருவம் கிழியும். பிறகு குறுக்குக்கோடு செங்குத்தாக நிற்கிறதா என்று பார்த்து, திருகுகளை மாறி மாறிக் கொஞ்சம் கொஞ்சமாக, நிறுவனம் சொன்ன அளவுக்கு மட்டும் இறுக்குங்கள்.

சரிசெய்யும்போது முதலில் 25 மீற்றரில் காகிதத்தில் படவைத்து, பிறகு 100-க்குப் போங்கள். பெட்டியில் கால் எம்.ஓ.ஏ. (ஒரு பாகையின் அறுபதில் ஒரு பங்கான கோண அளவுதான் எம்.ஓ.ஏ.) என்று போட்டிருந்தால், குறிதிருத்தும் திருகின் ஒரு கிளிக் 100 மீற்றரில் ஏறக்குறைய 7 மில்லிமீற்றர் நகர்த்தும். 25-இல் அதன் நான்கில் ஒரு பங்குதான் என்பதால் அங்கே கிளிக்கின் எண்ணிக்கையைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். வேட்டைக்குக் கொண்டுபோகிற அதே வகை ரவையையே பயன்படுத்துங்கள்.

மேடையில் ஏறி அமர்ந்ததும் உருப்பெருக்க வளையத்தை 3-இல் வைத்துவிடுங்கள். தூரத்தில் மின்கம்பிப் பாதையில் மான் நின்றால் 9-க்குக் கூட்ட நேரம் இருக்கும். கீழே திடீரென்று வந்து நிற்கும் மானுக்காகக் குறைக்க நேரம் இருக்காது. குளிர்ந்திருக்கும் ஸ்கோப்பைச் சூடான காருக்குள் கொண்டுவந்தாலும், பார்க்கும்போது மூச்சை அதன்மீது விட்டாலும் கண்ணருகு வில்லை பனிபிடிக்கும். எனவே துவக்கைப் பின்பெட்டியில் உறைக்குள் வைத்துக் குளிரிலேயே கொண்டுபோங்கள்.